அச்சுக்காரர் பதில்கள்: எரோமாங்கா கடற்கரையில் ஒரு கொலை

"எங்கள் தாத்தா லண்டன் மிஷன் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். அவர் வீட்டுக் கூடத்தில் தொங்கிய ஒரு படம் இப்போது என்னிடம் இருக்கிறது. கருப்புக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் கடல் தண்ணீருக்குள் விழுகிறார். தடிகளோடு சிலர் அவரை அடிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு படகு, தூரத்தில் ஒரு கப்பல். கீழே ஆங்கிலத்தில் 'ரெவரெண்ட் ஜே. வில்லியம்ஸ்' என்று இருக்கிறது. இவர் யார்? இது கையால் வரைந்ததா, அச்சா?"
(நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி)

அச்சுதான் அம்மா. ஆனால் கையால் வரைந்ததோ என்று நீங்கள் சந்தேகப்பட்டது நியாயம். சந்தேகம் வர வேண்டும் என்பதற்காகவே ஒருவர் பாடுபட்டு அச்சடித்த படம் அது.

விழுகிறவர் ஜான் வில்லியம்ஸ். 1796ல் லண்டன் பக்கத்து டாட்டன்ஹாமில் பிறந்தவர், இரும்புச் சாமான் கடையில் தொழில் பழகியவர். 1816ல் லண்டன் மிஷனரி சங்கம் அவரைத் தென்கடல் தீவுகளுக்கு அனுப்பத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு, அதே கூட்டத்தில், ஆப்பிரிக்காவுக்கென்று பிரித்து நிறுத்தப்பட்டவர் ராபர்ட் மொஃபட். உங்கள் ஊர்க்காரர்கள் கல்லறை வரைக்கும் அறிந்த சார்லஸ் மீட் ஐயரும் அந்த 1816ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்தான். 1818ல் நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்தார். ஆகையால் தென்திருவிதாங்கூர் லண்டன் மிஷன் வாத்தியார் வீட்டில் வில்லியம்ஸ் படம் தொங்கியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. ஒரே சங்கம், ஒரே தலைமுறை ஆட்கள். அவர்களுக்கு அவர் குடும்பத்துப் பெரியவர் மாதிரி.

வில்லியம்ஸ் சும்மா பிரசங்கம் மட்டும் செய்கிற ஆள் இல்லை. ராரோடோங்கா தீவில் கப்பல் இல்லாமல் மாட்டிக்கொண்டபோது, இரும்புக் கடையில் கற்ற வேலையை வைத்து, தீவு மக்களோடு சேர்ந்து ஒரு கப்பலையே கட்டிவிட்டார். 1834ல் இங்கிலாந்து திரும்பி ஊர் ஊராகப் பேசினார். 1837ல் தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார், அது நன்றாக விற்றது. அந்தப் புத்தகத்தின் முகப்புப் படம் ராரோடோங்காவின் தலைவர் ஒருவருடையது. அதை நிறத்தில் அச்சடித்தவர் ஜார்ஜ் பாக்ஸ்டர். உங்கள் வீட்டுப் படத்தையும் அச்சடித்தவர் அவர்தான். ஆக, தான் உயிரோடு இருந்தபோது தன் புத்தகத்துக்குப் படம் போட்ட அச்சுக்காரரே, நான்கு வருஷம் கழித்துத் தன் சாவையும் அச்சடிப்பார் என்று வில்லியம்ஸுக்குத் தெரியாது.

1838ல் சங்கம் 'காம்டன்' என்ற கப்பலை வாங்கிக் கொடுத்து அவரை மறுபடி அனுப்பியது. அந்தப் புறப்பாட்டையும் பாக்ஸ்டர் விடவில்லை, அதற்கும் ஒரு படம் உண்டு. 1839 நவம்பர் 20ஆம் தேதி, இன்றைக்கு வனுவாட்டு என்கிற நாட்டில் இருக்கும் எரோமாங்கா தீவின் டில்லன் விரிகுடாவில், வில்லியம்ஸும் ஜேம்ஸ் ஹாரிஸ் என்கிற இளைஞரும் கொல்லப்பட்டார்கள். 1841ல் பாக்ஸ்டர் இரண்டு படங்களை ஜோடியாக வெளியிட்டார். ஒன்று, கொல்லப்படுவதற்கு முந்தைய நாள் டானா தீவில் வில்லியம்ஸுக்குக் கிடைத்த வரவேற்பு. மற்றது உங்களிடம் இருக்கும் கொலைக் காட்சி. படம் ஏறத்தாழ ஒரு அடி அகலமும் முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரமும் இருக்க வேண்டும். அளந்து பாருங்கள்.

போனில் எடுத்து அனுப்பிய போட்டோவை வைத்து, அது 1841ல் அடித்ததா, பிற்பாடு புத்தகத்துக்காக எடுத்த நகலா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒரு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வாங்குங்கள், எந்த அச்சுச் சாமான் கடையிலும் கிடைக்கும். வானத்தை உற்றுப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்புப் புள்ளிகள் பூப்பூவாக ஒழுங்காகத் தெரிந்தால் அது எங்கள் காலத்து ஆஃப்செட் மெஷின் அச்சு. அதை விட்டுவிடுங்கள். புள்ளி வரிசையே இல்லாமல், அடியில் மணல் தூவியதுபோல் ஒழுங்கற்ற நுண்பரப்பும், அதற்கு மேல் தட்டையாகப் படுத்த எண்ணெய் நிறமும் தெரிந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

"ஆஃப்செட்டும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. 1841ல் இத்தனை நிறம் எப்படி ஐயா? கைப்பிரஸ்ஸில் ரிஜிஸ்டர் எப்படி நின்றது, ஒரு நிறத்தின் மேல் அடுத்தது இடம் தவறாமல் எப்படி உட்கார்ந்தது? எங்கள் மெஷினிலேயே மழைக்காலத்தில் நாலு கலர் ஒன்றுக்கொன்று ஓடுகிறது."
(சிவகாசியிலிருந்து ஒரு தம்பி, பிரஸ்ஸில் வேலை)

நீ கேட்டதுதான் கேள்வி! மற்றவர்கள் எல்லாம் கதை கேட்கிறார்கள், நீதான் வேலையைக் கேட்டிருக்கிறாய்.

முதலில் பாக்ஸ்டருக்கு முன்னால் என்ன நிலைமை என்று பார். புத்தகத்தில் நிறப்படம் வேண்டுமென்றால், கருப்பில் அச்சடித்து, பெண்களையும் சிறுவர்களையும் மேஜையில் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு நிறம் கொடுத்துத் தூரிகையால் பூச வைப்பார்கள். ஒருவர் புல்லுக்குப் பச்சை, அடுத்தவர் வானத்துக்கு நீலம். பத்தாவது பிரதியில் பச்சை புல்லில் நிற்கும், நூறாவது பிரதியில் மாட்டின் மேல் ஏறும். மரக்கட்டையில் நிறம் ஏற்றுகிற வித்தையும் நூற்றாண்டுக் கணக்காக இருந்தது. லண்டனில் வில்லியம் சாவேஜ் என்பவர் 1822ல் அதைப் பற்றியே புத்தகம் போட்டார். ஆனால் மரக்கட்டை நிறம் தட்டையாக நிற்கும். நிழல், தூரம், முகத்தில் ரத்த ஓட்டம் எல்லாம் அதில் வராது.

ஜார்ஜ் பாக்ஸ்டர் 1804ல் சசெக்ஸ் மாகாணம் லூயிஸ் ஊரில் ஒரு அச்சகக்காரருக்கு மகனாகப் பிறந்தவர். அவர் செய்தது இதுதான். முதலில் எஃகுத் தகட்டில் முழுப்படத்தையும் செதுக்குவார், அமிலம் வைத்து அரிப்பார். வெளிச்சம், நிழல், முகம், அலை, கயிறு எல்லாம் அந்தத் தகட்டிலேயே இருக்கும். அதை அழுத்தமான கருப்பில் அடிக்காமல் சாம்பல் அல்லது பழுப்புச் சாயலில் மெல்லியதாக அடிப்பார். இதுதான் சாவித் தகடு. அதன் மேல், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டையாக, மரத்திலோ உலோகத்திலோ செதுக்கி, எண்ணெய் மையில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏற்றுவார். சாதாரணமாகப் பத்துக்கு மேல் போகும், இருபதைத் தொட்டதும் உண்டு. 1835 அக்டோபரில் இதற்குப் பேடண்ட் வாங்கினார். நம் பாஷையில் சொன்னால் இரண்டு எதிரெதிர் அச்சு முறைகளுக்குக் கல்யாணம் பண்ணி வைத்தார். ஒன்று பள்ளத்தில் மை நிற்கிற முறை, மற்றது மேட்டில் மை நிற்கிற முறை. பள்ளம் உருவத்தைக் கொடுத்தது, மேடு நிறத்தைக் கொடுத்தது.

இப்போது உன் ரிஜிஸ்டர் விவகாரம். தாளை அழுத்தும் சட்டத்தில் ஊசி முனைகள் இருக்கும். முதல் அடியிலேயே தாளில் அந்த முனைகள் குத்தும். அடுத்த ஒவ்வொரு நிறத்துக்கும் அதே ஓட்டையில் அதே முனை விழும்படி தாளை மாட்ட வேண்டும். அவ்வளவுதான் அவர்களுடைய சென்சார்! ஆனால் செதுக்குத் தகட்டு அச்சுக்குத் தாள் ஈரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பள்ளத்து மையைத் தாள் எடுக்காது. ஈரம் காய்ந்தால் தாள் சுருங்கும். சுருங்கிய தாளில் பதினைந்து கட்டைகளை அதே இடத்தில் உட்கார வைக்க வேண்டும் என்றால், கட்டை செதுக்கியவன், மை அரைத்தவன், தாள் மாட்டியவன் மூன்று பேரும் ஒரே நாளில் நல்ல மனநிலையில் இருந்தாக வேண்டும். ஒரு நிறம் காய்ந்த பிறகுதான் அடுத்த நிறம். எண்ணெய் மை காய எத்தனை பொழுது ஆகும் என்று உனக்கே தெரியும். ஒரு தாள் அறைக்குள் வந்து முழுப் படமாக வெளியே போக ஆன காலத்தை நினைத்துப் பார்.

நான் கல் அச்சில் தொழில் பழகியவன். தீப்பெட்டி லேபிளும் சாமி காலண்டரும் அடித்துக் கை காய்த்தவன். சொல்லுகிறேன் கேள்: பாக்ஸ்டரின் நல்ல பிரதி ஒன்றில் அலையின் நுரையையும் அதன் அடியில் இருக்கும் பச்சையையும் லூப் வைத்துப் பார்த்தால், நிறம் ஒன்றோடொன்று சேருமிடத்தில் வெள்ளைக் கோடு கிடையாது, இரட்டை விளிம்பும் கிடையாது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

மழைக்காலத்துக்கு உனக்கு ஒரு வழி: ரீமைப் பிரித்து முந்தைய நாளே மெஷின் அறையில் வை. தாள் அந்த அறைக் காற்றுக்குப் பழகட்டும்.

"அந்த வில்லியம்ஸ் படத்தில் இருப்பதுபோலவே சம்பவம் நடந்ததா? தீவு மக்களைக் கொடூரர்களாகக் காட்டும் இப்படியொரு படத்தை எங்கள் சபை நூலகத்தில் மாட்டலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதம். உங்கள் கருத்து?"
(பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர்)

நடந்ததற்குச் சாட்சி உண்டு. கரைக்குப் போனவர்கள் நான்கு பேர்: வில்லியம்ஸ், ஹாரிஸ், கப்பல் தலைவர் ராபர்ட் மார்கன், சமோவாவில் ஆங்கிலத் துணைத்தூதராக இருந்த கன்னிங்ஹாம். தப்பி வந்த இருவரில் மார்கன் சொன்னதே இங்கிலாந்து வரைக்கும் போன கதை. தீவுக்காரர்கள் முதலில் நெருங்கத் தயங்கினார்கள். கரைக்குப் போனவர்கள் துணி கொடுத்துப் பார்த்தார்கள், குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கினார்கள். பையன்கள் விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு வில்லியம்ஸுக்குச் சந்தோஷம். பெண்கள் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லையே என்று மார்கனுக்கு உறுத்தல். ஓடை வழியே உள்ளே போன ஹாரிஸ் முதலில் விழுந்தார். கூச்சல் கேட்டு கன்னிங்ஹாம் படகை நோக்கி ஓடினார். வில்லியம்ஸ் நேராகக் கடலை நோக்கி ஓடினார். தண்ணீருக்குள் தடுமாறி விழுந்தபோது அடி விழுந்தது. உடல்களை மீட்க முடியவில்லை. 1840ல் 'ஃபேவரிட்' என்ற போர்க்கப்பல் சிட்னியிலிருந்து போய், தின்னப்பட்டது போக மிஞ்சியவை என்று தீவுக்காரர்கள் கொடுத்த எலும்புகளை வாங்கிவந்தது. அவை சமோவாவில், ஆப்பியாவில் அடக்கம் செய்யப்பட்டன.

ஆக, தடி உண்மை, தண்ணீர் உண்மை, படகு உண்மை. படத்தில் இல்லாதது ஒன்று இருக்கிறது. சந்தனம்.

1825ல் பீட்டர் டில்லன் என்ற கப்பல்காரர் எரோமாங்காவில் சந்தன மரம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த விரிகுடாவுக்கே அவர் பெயர்தான். சீனாவில் ஊதுவத்திக்குச் சந்தனம் நல்ல விலை போகும் என்று அந்தக் கடலில் எல்லோருக்கும் தெரியும். 1830ஐ ஒட்டி, வேறு தீவுகளிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஆயுதத்தோடு கப்பல்கள் வந்தன. மரம் வெட்டினார்கள், சண்டை நடந்தது, வந்தவர்களோடு நோயும் வந்தது. அடுத்து ஒரு கப்பல் வந்து நங்கூரம் போட்டு, வெள்ளைத் தோல்காரர்கள் இறங்கி ஓடை வழியாக உள்ளே நடக்கிறார்கள். இவர் மரம் வெட்ட வந்தவர் இல்லை, வேதம் சொல்ல வந்தவர் என்று கரையில் நிற்பவனுக்கு யார் போய்ச் சொல்வது? கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. சந்தன மரம் வைத்திருக்கிற ஊருக்கு என்னவெல்லாம் வரும் என்று நமக்குச் சத்தியமங்கலம் பக்கத்திலேயே தெரியும், அதனால் சொல்கிறேன்.

இந்தப் படத்தோடு எனக்கு உள்ள வழக்கு தடியைப் பற்றியது இல்லை, ஜோடியைப் பற்றியது. இரண்டு படத்தையும் பக்கத்துப் பக்கமாக மாட்டுங்கள். இடது பக்கம் முந்தைய நாள், தீவுக்காரர்கள் அன்பாக வரவேற்கிறார்கள். வலது பக்கம் மறுநாள், தீவுக்காரர்கள் அடித்துக் கொல்கிறார்கள். பார்க்கிறவன் மனதில் என்ன ஓடும்? "நேற்றுக் கும்பிட்டவன் இன்றைக்குக் கொன்றுவிட்டான், இவர்களை நம்பவே கூடாது." ஆனால் வரவேற்றது டானா தீவு, கொன்றது எரோமாங்கா தீவு. இடையில் கடல் இருக்கிறது. வேறு மக்கள், வேறு மொழி. டானாக்காரர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. அவர்களிடம் அன்றைக்கு விட்டுவந்த சமோவா உபதேசியார்கள் மூன்று பேரையும் அவர்கள் அப்போது ஏற்றுக்கொண்டார்கள். தலைப்பைப் படித்தால் இரண்டு தீவும் வேறு என்று புரியும். ஆனால் சுவரில் தொங்குகிற படத்தின் தலைப்பை யார் குனிந்து படிக்கிறார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. படத்தில் ஓங்கிய கைகளையும் திரண்ட தோள்களையும் பாருங்கள். எரோமாங்காவைக் கண்ணால் பார்த்தவன் வரைந்த உடம்பாக எனக்கு அது தெரியவில்லை. ஓவியப் பள்ளியில் கிரேக்கச் சிலையை வைத்து வரையப் பழகிய கையாகத் தெரிகிறது. கட்டைகள் செதுக்கப்பட்டதும் மை அரைக்கப்பட்டதும் லண்டன் சார்ட்டர்ஹவுஸ் சதுக்கத்தில். எந்த உடம்புக்கு எத்தனை கருப்பு, எந்த முகத்தில் வெளிச்சம் என்பதெல்லாம் அங்கே ஒரு பிரஸ் அறையில் தீர்மானமானது. கருப்பு வெள்ளைப் படமாக இருந்தால் "யாரோ வரைந்தது" என்று பார்க்கிறவன் சற்றுத் தள்ளி நிற்பான். நிறம் வந்ததும் "நடந்தது இப்படித்தான்" என்று நம்பிவிடுவான். பாக்ஸ்டரின் வித்தையின் வெற்றியே அதுதான். அதனால்தான் மிஷன் சங்கங்களை நம்பியிருந்த வீடுகளில் அவருக்கு அவ்வளவு பெரிய சந்தை இருந்தது. வில்லியம்ஸ் பெயரில் புதுக் கப்பல் வாங்க இங்கிலாந்துக் குழந்தைகள் காசு காசாகச் சேர்த்தது 6,000 பவுண்டுக்கு மேல் போனது. 1844ல் 'ஜான் வில்லியம்ஸ்' கப்பல் கடலில் இறங்கியது. அதற்குப் பிறகும் அதே பெயரில் கப்பல்கள் வரிசையாக வந்தன.

அந்தச் சமோவா உபதேசியார்கள் மாதிரி, வெள்ளை மிஷனரி போவதற்கு முன்னாலேயே அந்தத் தீவுகளில் இறக்கிவிடப்பட்ட பசிபிக் தீவு ஊழியர்கள் பலர் காய்ச்சலில் செத்தார்கள். அவர்களுடைய சாவுக்குப் பதினைந்து கட்டை செதுக்க யாருக்கும் தோன்றவில்லை. நம் ஊரில் சபைக் கோயில் வேலை பார்த்த கோயில்பிள்ளைகளும் உபதேசியார்களும் எந்தப் படத்தில் இருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள், இதே கணக்குத்தான்.

மாட்டலாமா என்று கேட்டீர்கள். மாட்டுங்கள். ஆனால் பக்கத்தில் ஒரு தாளில் இரண்டு விஷயம் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஒன்று, சந்தனக் கப்பல்களின் கதை. இரண்டாவது, 2009 நவம்பர் 20ஆம் தேதி, 170 ஆண்டுகள் கழித்து, எரோமாங்கா மக்கள் வில்லியம்ஸின் வாரிசுகளை அழைத்து, அதே கடற்கரையில் மன்னிப்புக் கேட்டுச் சமாதானம் செய்துகொண்டார்கள். வனுவாட்டு ஜனாதிபதியே அதற்கு வந்திருந்தார். அந்தக் காட்சிக்கு இதுவரை ஒரு காலண்டர்கூட யாரும் அடிக்கவில்லை. சிவகாசிக்கு ஒரு யோசனை சொல்லி வைக்கிறேன்.

"எங்கள் வீட்டில் பிரெஞ்சு எழுத்தோடு ஒரு படம். மண்டியிட்ட பாதிரியார், வாள் ஓங்கியவன், சுற்றிலும் சிப்பாய்கள். வியட்நாம் என்கிறார்கள். இதுவும் பாக்ஸ்டரா?"
(புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்)

இல்லை. பாக்ஸ்டரின் சந்தை புராட்டஸ்டண்ட் வீடு, உங்களுடையது கத்தோலிக்க வீட்டுப் படம். பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சங்கம் 1776லிருந்து உங்கள் ஊர் மிஷனைக் கவனித்தது. அதே சங்கத்தார் அன்றைய வியட்நாமில் மிங் மாங் அரசர் காலத்தில் கொல்லப்பட்டார்கள். 1837ல் கோர்னே, 1838ல் போரி. எழுத்தில் பெயர் இருக்கும், கூட்டிப் படியுங்கள். அப்படியொரு படம் புதுச்சேரி வீட்டில் இருப்பது இயல்பே.

அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சாமி படங்களில் பெரும்பாலும் உருவம்தான் அச்சு, நிறம் கை. எபினால் ஊரில் பெல்லரின் குடும்பத்தார் அதற்கு வெட்டுத்தகடு வைத்திருந்தார்கள். தகட்டில் உடுப்பு வடிவம் வெட்டியிருக்கும், அதன் மேல் தூரிகையை ஒரு இழுப்பு இழுத்தால் நூறு சிப்பாய்களுக்கும் சட்டை சிவப்பாகிவிடும். உங்கள் படத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டிக் கழுத்து வரைக்கும் வழிந்திருக்கிறதா பாருங்கள். வழிந்திருந்தால் வெட்டுத்தகடு வேலை.

பாரிஸ் போகிறவர்கள் ரூ டு பாக் தெருவில் இருக்கும் அந்தச் சங்கத்து வீட்டில் வியட்நாமியர்களே வரைந்த கொலைக்களக் காட்சிகளைப் பார்க்க வேண்டும். அதில் சிப்பாய்கள் வட்டமாக ஒழுங்காக நிற்பார்கள். யாருக்கும் மிருக முகம் கிடையாது. அரசாங்கம் ஒரு தண்டனையை நிறைவேற்றுகிற மாதிரிதான் இருக்கும். பயங்கரம் அதில் இன்னும் கூடுதலாகத் தெரிகிறது என்பது என் அபிப்பிராயம்.

"நம் அருளானந்தருக்கு (ஜான் டி பிரிட்டோ) இப்படிப் பழைய நிற அச்சு உண்டா?"
(ராமநாதபுரத்திலிருந்து ஒரு வாசகர்)

1693 பிப்ரவரி 4ல் ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டார். அந்தக் காலத்து ஐரோப்பாவில் இப்படிப்பட்ட படத்துக்குச் செப்புத் தகடும் கருப்பு மையும்தான் வழக்கம், நிறம் வேண்டியவர்கள் தூரிகையால் பூசிக்கொண்டார்கள். 1853ல் அருளாளர் பட்டமும் 1947ல் புனிதர் பட்டமும் கிடைத்தன. நீங்கள் வீடுகளில் பார்க்கும் செம்மண் நிறப் படங்கள் எல்லாம் பின்னாளைய கல் அச்சும் ஆஃப்செட்டும். யாராவது "முன்னூறு வருஷத்து ஒரிஜினல் கலர்" என்று விற்க வந்தால் ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

"பழைய படத்தை லாமினேஷன் செய்துவிட்டால் பாதுகாப்பாக இருக்குமா?"
(தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி)

செய்யாதீர்கள். எண்ணெய் மையின் மேல் சூடான பிளாஸ்டிக்கை ஒட்டினால் பிறகு அதை யாராலும் பிரிக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம், பசையும் வேண்டாம். கிழிந்திருந்தால் கிழிந்தபடியே இருக்கட்டும். உங்கள் ஊரில் உப்புக் காற்று வேறு. வெளிச்சுவரில் மாட்டாமல், வெயில் நேராகப் படாத உள்சுவரில், கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடையில் அட்டை வைத்துச் சட்டம் போடுங்கள். அமிலம் இல்லாத அட்டை என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான் சார்" என்றால் வேறு கடை. வருஷத்துக்கு ஒருமுறை பின்பலகையைத் திறந்து ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

"பாக்ஸ்டர் பெரும் பணக்காரர் ஆகியிருப்பாரே? இன்று ஆன்லைனில் அவர் பெயரில் வரும் படங்களை நம்பி வாங்கலாமா?"
(சென்னையிலிருந்து ஒரு வாசகர்)

1865ல் திவாலானார். பதினைந்து கட்டை வைத்துக் கைப்பிரஸ்ஸில் அடித்தவர் எந்தக் கணக்கில் பணக்காரர் ஆவார்? 1849ல் பேடண்டை இன்னும் ஐந்து வருஷம் நீட்டிக் கொடுத்தார்கள். அதன் பிறகு லெ பிளாண்ட், குரோன்ஹைம் போன்றவர்களுக்குத் தன் முறையில் அச்சடிக்க உரிமம் விற்றார். அவர்கள் செலவைக் குறைத்து மலிவாக அடித்தார்கள். அதற்குள் கல்லில் நிறம் ஏற்றுகிற முறை வேகம் பிடித்துவிட்டது. விக்டோரியா மகாராணி முடிசூட்டு விழாவை, தலைக்குத் தலை அடையாளம் தெரியும்படி தாளில் கொண்டுவந்தவர், டஹிட்டி ராணி போமாரேயை, மொஃபட்டை, ஜமைக்கா ஞானஸ்நானத்தை எல்லாம் நிறத்தில் கொடுத்தவர். குதிரை இழுக்கும் ஆம்னிபஸ் விபத்தில் அடிபட்டு, 1867 ஜனவரியில் லண்டனில் இறந்துபோனார்.

ஆன்லைன் விஷயம் கவனம். அவருடைய தகடுகளும் கட்டைகளும் கை மாறின. வின்சென்ட் புரூக்ஸ் வாங்கினார், அவரிடமிருந்து லெ பிளாண்ட் வாங்கினார். அதே தகட்டில் அவர்களும் அடித்தார்கள். ஆகையால் தகடு பாக்ஸ்டருடையதாக இருந்தும் அச்சு பாக்ஸ்டருடையதாக இல்லாத படங்கள் ஏராளம். அவற்றில் நிறக் கட்டைகளைக் குறைத்திருப்பார்கள், வானம் வெளிறியிருக்கும், முகத்தில் சிவப்பு திட்டாக நிற்கும். பாக்ஸ்டர் தன் படங்கள் பலவற்றை அட்டையில் ஒட்டி, அந்த அட்டையில் தன் முத்திரையை வைத்தே விற்றார். முதலில் சிவப்பு முத்திரை, பிற்பாடு எழும்பிய முத்திரை. விற்கிறவரிடம் படத்தை மட்டுமல்ல, அட்டையின் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டையின் ஓரத்தை வெட்டிவிட்டேன் என்று சொன்னால் பாதி விலை கேளுங்கள். போட்டோவே அனுப்ப மாட்டேன் என்றால் பணத்தை அனுப்பாதீர்கள்.